ஊர் மேட்டு டிரான்ஸ்பார்மர்

ஊர் மேட்டில் கார் சார்ஜர் திறந்த அன்று தேங்காய் உடைத்தது நான்தான். சேலத்திலிருந்து கம்பெனிக்காரர்கள் ஐந்து பேர் வந்திருந்தார்கள். ரிப்பன் வெட்டுவதற்கு அவர்களுடைய பெரிய மேனேஜர் இருந்தார். தேங்காயை மட்டும் ஊர்க்காரர் உடைக்க வேண்டும் என்று என் தம்பி தனபால் ஏற்பாடு செய்திருந்தான். "நீதான்க்கா உடைக்கணும். உன்னாலதான இது வந்துச்சு" என்றான். எனக்குத் தலைகால் புரியாத பெருமை. கல்யாணத்துக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். ஒரே அடியில் தேங்காய் இரண்டாக உடைந்தது, எல்லோரும் கை தட்டினார்கள். இப்போது நினைத்தால் அதை என் தலையிலேயே உடைத்துக்கொண்டிருக்கலாம் என்று தோன்றுகிறது.

உன்னாலதான இது வந்துச்சு என்று அவன் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. ஏதோ அக்காவைப் பாராட்டுகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் ஊர் ஏற்காட்டு மலையில், குப்பனூர் ரோட்டில் கொட்டச்சேட்டைத் தாண்டி இருக்கிறது. பெயர் சொன்னாலும் உங்களுக்குத் தெரியாது, பஸ்கூடக் கை காட்டினால்தான் நிற்கும். நாற்பத்தியொரு வீடு. ஆளுக்கு ஒன்று, இரண்டு ஏக்கர் காப்பி, அதற்கு நிழலாகச் சில்வர் ஓக் மரம், மரத்தில் ஏற்றிவிட்ட மிளகுக்கொடி. காப்பிப் பழத்தைப் பறித்த அன்றைக்கே தோல் உரித்தாக வேண்டும். விட்டால் மறுநாள் புளித்து நாறும். உரித்துக் காயவைத்தால் நாம் சொல்வது விலை, பழமாகவே கொடுத்தால் வியாபாரி சொல்வது விலை. அதனால் நாங்கள் பெண்கள் குழுவாகச் சேர்ந்து மோட்டார் வைத்த பல்பர் ஒன்று வாங்கினோம். பழத்தைக் கொட்டினால் தோல் ஒரு பக்கம் போகும், கொட்டை ஒரு பக்கம் விழும். குழுவுக்கு நான்தான் தலைவி.

மெஷின் வந்தது, அதை ஓட்டக் கரண்ட்தான் இல்லை. கொட்டச்சேட்டில் இருக்கும் டிரான்ஸ்பார்மரிலிருந்து இரண்டு கிலோமீட்டர் கம்பியில் வருவதற்குள் எங்கள் கரண்ட்டுக்கு மூச்சு வாங்கிவிடும். பழம் வந்து சேர்வது சாயங்காலம். எல்லா வீட்டிலும் பல்பும் டிவியும் போடுவதும் அப்போதுதான். மோட்டார் உறுமும், சுற்றாது. இரண்டு வருடத்தில் இரண்டு தடவை மோட்டாருக்குள் இருக்கும் கம்பிக் காயில் கருகிப்போனது. இரண்டு தடவையும் ஊர் மொத்தப் பழமும் வியாபாரியின் லாரியில் ஏறியது. அந்த ஆள் பல்லைக் காட்டிக்கொண்டே எடை போட்டான்.

நான் சும்மா இருக்கிற ஆள் இல்லை. ஊருக்குத் தனி டிரான்ஸ்பார்மர் வேண்டும் என்று மனு எழுதி, கிராம சபையில் கொடுத்து, ஏற்காட்டில் இருக்கும் கரண்ட் ஆபீசுக்கு நடையாய் நடந்தேன். வந்து பார்த்தார்கள். ரோட்டை ஒட்டி, லாரி நிற்கிற மாதிரி சமமான இடம் வேண்டும் என்றார்கள். எங்கள் சரிவில் யாருடைய பிழைப்புக்கும் இடைஞ்சல் இல்லாமல் அப்படி இருப்பது ஊர் மேடு ஒன்றுதான். ஊருக்குப் பொதுவான நிலம். அதை அளந்து, படம் வரைந்துகொண்டு போனார்கள். வரிசைப்படி வரும் என்றார்கள். ஒன்றரை வருடமாக அந்த வரிசை நகர்ந்ததா என்றே எங்களுக்குத் தெரியவில்லை.

அந்த நேரத்தில்தான் தனபால் வந்தான்.

அம்மா போனபோது அவனுக்கு ஆறு வயது, எனக்குப் பதினாலு. சோறு ஊட்டியது நான். பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனது நான். சேலத்தில் எலக்ட்ரிக்கல் டிப்ளமோ சேர்த்துவிட்டு, ஹாஸ்டல் வாசலில் நின்று அழுததும் நான்தான். எங்கள் ஊரிலேயே கரண்ட்டைப் பற்றிப் படித்தவன் அவன் ஒருவன். எலக்ட்ரிக் காருக்கு ரோட்டோரத்தில் சார்ஜ் ஸ்டேஷன் வைக்கும் கம்பெனி ஒன்றில் இரண்டு வருடமாக கான்ட்ராக்டில் இருந்தான். ஏப்ரல் மாதம் வீட்டுக்கு வந்தவன் செல்போனில் ஒரு வரைபடத்தைக் காட்டினான்.

"இங்க பாருக்கா. பெங்களூரு, ஓசூரு, கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம். வழி பூரா பச்சைப் புள்ளி. ஒவ்வொண்ணும் ஒரு ஸ்டேசன். போன வருசம் இதுல பாதிகூட இல்ல. நம்ம ரோட்டப் பாரு, மொட்டையா கெடக்குது. மலை ஏறுறதுக்குள்ள வண்டிக்கு நொம்ப சார்ஜ் போயிருது. மேல ஒரு ஸ்டேசன் இருந்துச்சுன்னா அத்தனை பேரும் தைரியமா இந்தப் பக்கம் வருவாங்க."

அது எங்களுக்கும் தெரியும். அதற்கு முந்தின கோடையில் பெங்களூர்க் குடும்பம் ஒன்று எங்கள் வளைவில் சார்ஜ் தீர்ந்து நின்றுவிட்டது. ஊரே சேர்ந்து காரைத் தள்ளிக்கொண்டு வந்து எங்கள் வீட்டுப் பிளக்கில் செருகினோம். செருகியதும் தெருவே மங்கிப்போனது. பக்கத்து வீட்டு வெள்ளையம்மாள், "ஏன் புள்ள, ஊடு ஊடா கரண்ட்ட உறிஞ்சி அந்தக் காருக்கு ஊட்டறியா?" என்று கத்தினாள். விடியும்வரை செருகி வைத்தும் ஏற்காடு போவதற்குத்தான் போதுமான சார்ஜ் ஏறியது.

"சரிடா, அதுக்கு நாங்க என்ன பண்ணணும்?" என்றேன்.

"நம்ம ஊர் மேட்டக் குடுத்தாப் போதும். பெரிய டிரான்ஸ்பார்மர் வரும். இந்த மலைச் சைட்ட முடிச்சுக் குடுத்தா என்னைய பர்மனெண்ட் பண்றேன்னு சொல்லிருக்காங்கக்கா."

"ஊருக்குக் கரண்ட் வருமா?"

அவன் போனைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "காருக்கே அரைமணி நேரத்துல ஏத்தற டிரான்ஸ்பார்மருக்கா அது. நம்ம மேட்டுலதான நிக்கப் போவுது."

இதில் 'ஆமாம்' எங்கே இருக்கிறது என்று இத்தனை நாளாகத் தேடிப் பார்க்கிறேன். இல்லை. அன்றைக்கு எனக்கு அது ஆமாம் என்றுதான் கேட்டது. டிரான்ஸ்பார்மர் என்றால் எங்களுக்குக் கிணறு மாதிரி. ஊர் நிலத்தில் கிணறு வெட்டினால் ஊருக்குத் தண்ணீர் கிடைக்காமலா போகும்? யார் வெட்டினால் என்ன? ஆபீசிலிருந்து வரவேண்டிய டிரான்ஸ்பார்மர் தம்பி வழியாக வருகிறது என்றுதான் நினைத்தேன். ஊர் முழுக்க அப்படித்தான் நினைத்தது, நான் சொன்னதால்.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். காகிதம் என்று எது வந்தாலும், ரேஷன் ஆகட்டும், பேங்க் ஆகட்டும், முதலில் என் வீட்டுக்குத்தான் வரும். எல்லோரையும் உட்காரவைத்து நான் சத்தமாகப் படிப்பேன். ஒரு வரி விடமாட்டேன். அடியில் பொடி எழுத்தில் இருக்கும் பிரஸ் பெயரைக்கூடப் படிப்பேன். படித்து முடித்து நான் முதல் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மற்றவர்கள் கை வைப்பார்கள். ஒரு தடவை ரிசார்ட்காரன் ஒருவன், தடம் விடுவதற்கு ஒப்புதல் என்று கொண்டுவந்த காகிதத்தின் நாலாம் பக்கத்தில் எங்கள் ஓடையையும் சேர்த்து எழுதியிருந்தான். கண்டுபிடித்து, வந்த ஜீப்பிலேயே அவனைத் திருப்பி அனுப்பினேன். அதிலிருந்து ஊரில் யாரும் காகிதத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பதில்லை. "புஷ்பலதா படிச்சாச்சா?" என்றுதான் கேட்பார்கள்.

மே மாதம், சேர்வராயன் கோயில் திருவிழா. வீட்டில் விருந்தாளிகள் பன்னிரண்டு பேர். முதல் நாள் சாயங்காலம் தனபால் மூன்று பக்கக் காகிதம் ஒன்றைக் கொண்டுவந்தான். "ஊர்க் கையெழுத்து வேணும்க்கா. காலைல வந்து வாங்கிக்கறேன்" என்று மேசைமேல் வைத்தான். டீ குடித்துவிட்டுப் போ என்றேன். வேண்டாம் என்று கிளம்பிவிட்டான். திருவிழாக் கூட்டத்தில் பஸ் கிடைக்காது என்ற அவசரம் போலிருக்கிறது என்று நினைத்தேன். என் கையெல்லாம் கேழ்வரகு மாவு. காகிதத்தை டிவிமேல் எடுத்து வைத்தேன். அது அங்கேயே இருந்தது.

காலையில் குழுப் பெண்களும் ஆண்களுமாக வாசலில் கூடிவிட்டார்கள். எல்லோருக்கும் கோயிலுக்குப் போகிற அவசரம். வெள்ளையம்மாள்தான் கேட்டாள்.

"ஏன் புள்ள, படிக்கலையா?"

"அதெல்லாம் ராத்திரியே பாத்துட்டேன். நம்ம தனபால் எழுதுனதுதான? டிரான்ஸ்பார்மர் வருது, போடுங்க."

பார்க்கவில்லை. பொய் சொன்னேன். என் தம்பி எழுதியதை ஊர் நடுவில் வைத்து வரிவரியாகப் படித்தால், நான் அவனையே சந்தேகப்படுகிற மாதிரி இருக்குமே என்று ஒரு எண்ணம். விருந்தாளிகளுக்குச் சாப்பாடு ஆகவில்லை என்பது இன்னொன்று. முதல் கையெழுத்தைப் போட்டேன். கீழே நாற்பது வீடும் போட்டது, கைநாட்டு உட்பட. ஒன்பது மணிக்கு வந்த தனபால் காகிதத்தைப் பிரித்துப் பார்த்தான். என்னையும் ஒரு மாதிரி பார்த்தான். கண் கலங்கியிருந்தது. பர்மனெண்ட் ஆகப்போகிற சந்தோஷம் என்று எனக்கும் கண் கலங்கியது.

ஜூன் மாதம் வேலை ஆரம்பித்தது. கம்பி வருகிற வழியில் இருந்த மரத்தையெல்லாம் ஊரே வெட்டிக் கொடுத்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் மணி, மிளகு காய்த்துக்கொண்டிருந்த நாலு சில்வர் ஓக்கைத் தன் கையாலேயே வெட்டினார். டிரான்ஸ்பார்மர் லாரியில் வந்து இறங்கிய அன்று பெண்கள் போய் அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்தோம். கம்பெனி ஆள், "ஏனுங்க, தொடாதீங்க, சாமியா அது?" என்று சிரித்தான். எங்களுக்கு அப்போது அது சாமிதான்.

நவம்பர் மாதம் ரிப்பன் வெட்டினார்கள், தேங்காய் உடைத்தேன். மறுநாளிலிருந்து கார்கள் வர ஆரம்பித்தன. வரைபடத்தில் எங்கள் ஊரும் ஒரு பச்சைப் புள்ளி ஆகிவிட்டது. சத்தமே இல்லாமல் வந்து நிற்பார்கள், மரத்தைப் போட்டோ எடுப்பார்கள், போவார்கள். மேடு முழுக்க வெள்ளை வெளிச்சம். எங்கள் தெரு பல்பு மட்டும் பழைய மஞ்சளிலேயே இருந்தது. இன்னும் கம்பி மாற்றி இழுக்கவில்லை போல, இழுப்பார்கள் என்று நானே எல்லோருக்கும் சமாதானம் சொன்னேன்.

அடுத்த வாரம் முதல் பறிப்பு. அறுநூறு கிலோ பழம் பல்பர் கொட்டகையில் குவிந்தது. புதுக் காயில் கட்டிய மோட்டார். சுவிட்சைப் போட்டேன். உறுமியது. நின்றது. மறுபடி போட்டேன். கருகல் வாடை வந்தது. வெள்ளையம்மாள் ஓடிவந்து மெயினை இறக்கினாள். கொட்டகை வாசலில் நின்றால் ஊர் மேடு தெரியும். அங்கே இரண்டு கார் சுகமாகச் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. காலையில் வியாபாரியின் லாரி வந்தது.

அன்றைக்கே ஏற்காட்டுக்குப் போனேன். கரண்ட் ஆபீஸ் இன்ஜினியர் சாரா மேடம் என்னை நன்றாகத் தெரிந்தவர். மனுவோடு நடந்த காலத்தில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தவர். "மேடம், டிரான்ஸ்பார்மர் வந்து நிக்குது, ஊருக்கு எப்பங்க லைன் குடுப்பீங்க?" என்று கேட்டேன்.

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். "அது கம்பெனியோட சொந்த டிரான்ஸ்பார்மர்ங்க. தனி லைன். அதுலருந்து உங்க ஊருக்கு ஒரு பல்புக்குக்கூடக் குடுக்க முடியாது. உங்களுக்குத் தெரியாதா?"

"அப்ப எங்க மனு?"

அவர் எழுந்து போய் ஃபைலை எடுத்துவந்தார். "உங்க ஊருக்கு இந்த வருஷ லிஸ்ட்ல வந்துருச்சு. ஜூலைல போட்டிருப்போம். நீங்கதான் வேண்டாம்னு எழுதிக் குடுத்தீங்களே" என்று ஒரு காகிதத்தை என் பக்கம் திருப்பினார்.

தனபால் கொண்டுவந்த அதே மூன்று பக்கம். முதல் பக்கத்தில் ஊர் மேட்டைப் பதினைந்து வருடத்துக்கு விட ஆட்சேபனை இல்லை என்று இருந்தது. இரண்டாம் பக்கத்தில் மரங்கள். மூன்றாம் பக்கத்தில் இருந்தது இதுதான்: 'எங்கள் ஊரில் தற்போது மின்னழுத்தக் குறைபாடு ஏதும் இல்லை. எனவே மேற்படி இடத்தில் டிரான்ஸ்பார்மர் அமைக்கக் கோரி நாங்கள் அளித்த மனுவை முழுமனதோடு திரும்பப் பெற்றுக்கொள்கிறோம்.' அதற்குக் கீழே முதலில் என் கையெழுத்து. ப-வுக்கு மேல் நான் எப்போதும் இழுக்கும் கோடுகூட அழகாக விழுந்திருந்தது.

எங்களுக்கு வரவேண்டிய டிரான்ஸ்பார்மர் வேறு ஊருக்குப் போய்விட்டது. நான் படிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்த சாரா மேடம் மெதுவாகச் சொன்னார்: "ரோட்டை ஒட்டி வேற எடம் யாராவது எழுதிக் குடுத்தா மறுபடி பாக்கலாம்ங்க. ஆனா போன தடவ ஊரே சேந்து வாபஸ் வாங்கியிருக்கு. அதனால இந்தத் தடவையும் எல்லா வீட்டுக் கையெழுத்தும் வேணும். ஒண்ணுகூடக் குறையக் கூடாது. பதினஞ்சாம் தேதிக்குள்ள குடுத்தா அடுத்த லிஸ்ட்ல வரும். விட்டா எப்பன்னு சொல்ல முடியாது." அந்தக் காகிதத்துக்கு ஒரு நகலும் எடுத்துக் கொடுத்தார்.

வேறு இடம் என்று பார்த்தால் ஊரில் ஒன்றுதான் இருக்கிறது. வெள்ளையம்மாளின் காப்பிக் காயவைக்கும் களம். அவளாக மனது வைத்தால்தான் உண்டு.

நான் நேராக ஊர் மேட்டில் போய் இறங்கினேன். தனபால் சார்ஜர் பெட்டியைத் திறந்து ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான். கம்பெனிச் சட்டை, கழுத்தில் புது அடையாள அட்டை. பக்கத்தில் ஒரு வெள்ளைக் காரில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அந்த மூணாவது பக்கத்த எழுதுனது யாருடா?"

மறுப்பான் என்று நினைத்தேன். அவன் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தான். "நான்தான்க்கா. அந்த எடத்த ஊர் டிரான்ஸ்பார்மருக்குன்னு குறிச்சு வெச்சிருந்தாங்க. அத எடுக்காம கம்பெனிக்குச் சைட் கெடைக்காது. வேற எங்க போவேன், இந்தச் சரிவுல?"

"எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன?"

"தைரியம் இல்ல. அதுனாலதான் காகிதத்த வெச்சுட்டு ஓடிட்டேன். நீ படிப்ப, காலைல கிழிச்சு மூஞ்சில எறிவன்னு நெனச்சுட்டே வந்தேன். வந்து பாத்தா மொதக் கை உன்னுது. தம்பிக்காகத் தெரிஞ்சே போட்டுட்டாங்கன்னு... பஸ்சுல அழுதுட்டே போனேன்க்கா."

"நான் படிக்கலடா."

அவன் என் முகத்தையே பார்த்தான். அவன் சொன்னது நிஜமா, இல்லை இத்தனை மாதத்தில் யோசித்து வைத்த சமாளிப்பா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நிஜமாகவே இருக்கட்டும். நாற்பது வீட்டுக் கரண்ட்டை அக்கா தனக்குத் தூக்கிக் கொடுத்தாள் என்று நம்பி ஒருவன் ஆறு மாதம் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறானே. அறைய வேண்டும் போலிருந்தது. காருக்குள் அந்தப் பெண் பிரியாணியை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்ததால் கையை இறக்கிக்கொண்டேன்.

"ஞாயித்துக்கெழம ஊர் கூட்டறேன். நீ வந்து சொல்லு. எழுதுனது நான், எங்கக்கா படிக்கல, அவளுக்குத் தெரியாதுன்னு சொல்லு. வேற ஒண்ணும் வேண்டாம்."

"எழுதுனது நான்னு ஊர்ல சொன்னா கம்பெனி காதுக்குப் போயிரும்க்கா. வேலைய விட்டு எடுத்துருவாங்க."

"அப்ப நான் படிக்கலைன்னு மட்டும் சொல்லு."

தனபால் அடையாள அட்டையின் நாடாவைச் சுற்றிக்கொண்டே இருந்தான். கடைசியில், "நீ படிக்கலைன்னு எனக்கு எப்படிக்கா தெரியும்?" என்றான்.

வீட்டுக்கு நடந்தேன். வழியெல்லாம் அழுதேன், வெட்கமில்லாமல், எதிரே வந்தவர்கள் பார்க்கப் பார்க்க அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பல்பர் கொட்டகையில் ஊர் கூடியது. தனபால் வரவில்லை. புது மனுவை எழுதி எடுத்துப் போயிருந்தேன். ஆனால் முதலில் பழைய காகிதத்தைப் படித்தேன். எப்போதும் படிப்பதுபோலவே, ஒரு வரி விடாமல், சத்தமாக. படித்து முடித்ததும் ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் சித்தன் மாமா இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். பிறகு சாரா மேடம் சொன்னதைச் சொன்னேன். பதினைந்தாம் தேதி, நாற்பத்தியொரு கையெழுத்து, வெள்ளையம்மாளின் களம்.

வெள்ளையம்மாள் எழுந்தாள். "களம் கெடக்குது, அது பெரிசில்ல. அன்னிக்கு ராத்திரியே பாத்துட்டேன்னு சொன்னியே புள்ள. நான்தான கேட்டேன்? என்னையப் பாத்துத்தான சொன்ன?"

"பொய் சொன்னேன்" என்றேன். "சத்தியமாப் படிக்கல. டிவிமேல வெச்சேன், திருவிழா வேலைல மறந்துட்டேன். தம்பிதானன்னு நம்பிட்டேன்."

யாரோ பின்னால் செருமினார்கள். ஒரு பெண் மெதுவாகச் சிரித்தாள். எழுந்து நின்று, "நான் இந்த ஊருக்கு எத்தன காகிதம் படிச்சிருக்கேன்? ஒண்ணுல தப்பு நடந்திருக்குதா? நான் உங்கள ஏமாத்துவனா?" என்று கத்தினேன். கத்தக் கத்த எனக்கே தெரிந்தது, நான் எனக்கு எதிராகவே சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று. அச்சடித்த பிரஸ் பெயர்வரை படிக்கிறவள். ரிசார்ட்காரனின் நாலாம் பக்கத்தைப் பிடித்தவள். அவள் வீட்டில் ஒரு ராத்திரி முழுக்க இருந்த காகிதம், மூன்றே பக்கம். மணியைப் பார்த்தேன். அன்றைக்கு வீட்டில் இருந்தவர் அவர். அவரும் நிமிராமல் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சித்தன் மாமா என்னை உட்காரச் சொன்னார். அவர் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

"கண்ணு, தம்பி பொழைக்கட்டும்னு போட்டேன்னு சொல்லு. ஊரு ஏத்துக்கும். நாங்க எல்லாரும் அண்ணந்தம்பி அக்காதங்கச்சியோடதான் பொறந்திருக்கறோம். உன்னோட எடத்துல நான் இருந்தாலும் செஞ்சிருப்பேன். அதச் சொல்லிட்டீன்னா இப்பவே எல்லாரும் கை வெக்கறோம். படிக்கலைன்னு மட்டும் சொல்லாத சாமி. பொய் சொல்ற ஆளு நீட்டுற காகிதத்துல மறுபடி எப்படிக் கை வெப்போம்?"

எல்லோரும் காத்திருந்தார்கள். வெள்ளையம்மாள்கூட, சொல்லிவிடேன் என்பதுபோல என்னைப் பார்த்தாள். அவர்கள் முகத்தில் பகை இல்லை. என்னை மன்னிக்கத் தயாராக உட்கார்ந்திருந்தார்கள், நான் செய்யாத ஒன்றுக்காக. செய்ததைச் சொன்னால் நம்ப ஆள் இல்லை. கொட்டகை மூலையில் முந்தின நாள் பறித்த பழம் குவிந்து கிடந்தது, புளிப்பு வாடை வர ஆரம்பித்திருந்தது.

"ஆமாங்க மாமா" என்றேன். "படிச்சேன். தம்பி பொழைக்கட்டும்னு தெரிஞ்சுதான் போட்டேன்."

கொட்டகை முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்தது. சித்தன் மாமா தலையை ஆட்டிக்கொண்டார். சட்டைப் பையில் பேனாவைத் தேடினார். வெள்ளையம்மாள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"இத மொதல்லயே சொல்லிருக்கலாமில்ல புள்ள" என்றாள்.